எரவல் இந்திராணிக்குத் தனி வீடு

மாவுப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டு வேலம்மாள் இரண்டு முறை ஹாரன் அடிக்கிறார். யாரும் எட்டிப் பார்க்கவில்லையென்றால் மூன்றாவது ஹாரன் கிடையாது, குரல்தான். "இன்னாம்மா, தூக்கமா? மாவே பொங்கி எழுந்துடுச்சி, நீ இன்னும் எழுந்திருக்கல." எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் வங்கிக்காரர் மாவு வாங்குவதில்லை. ஆனாலும் அந்தக் குரலுக்கு அவரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

சேலைமேல் கணவரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. எக்செல் வண்டிக்கு முன்னால் ஒரு கூடை, பின்னால் ஒரு கூடை. முன்னால் இருப்பது அப்போதுதான் அரைத்த மாவு, பின்னால் இருப்பது ராத்திரி முழுக்கப் பொங்கிய மாவு. பாகூரில் கிளம்பி கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் என்று தெருத்தெருவாக வந்து, தவளக்குப்பத்தில் எங்கள் வீட்டோடு சுற்று முடிகிறது. வாடிக்கையாளர்களின் பெயரெல்லாம் அவர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. 'புளிச்ச வூடு', 'புளிக்காத வூடு' என்று உலகத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார். எங்கள் வீடு புளித்த வீடு. என் மனைவி வெண்ணிலாவுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

பையை எடுக்க வருகிறவர்கள் அவரைச் சும்மா அனுப்புவதில்லை. "சக்கர டப்பாவ ஒளிச்சு வைடி, இந்திராணி வந்துட்டா" என்று உள்ளே பார்த்துக் கத்துவார்கள். காபித்தூளையும் சேர்த்து ஒளிக்கும்படியும், அது இருக்கும் இடத்தை நேற்றே பார்த்து வைத்துவிட்டதாகவும் வேலம்மாள் பதில் சொல்வார். வியாபாரத்துக்கு வந்தவரைப் பார்த்து இப்படியா பேசுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிக்கலாம். அவர்கள் 'ஒரே வூடு ரெண்டு அடுப்பு' பார்க்காதவர்கள்.

அது யூடியூபில் வாராவாரம் வரும் தொடர். எடுப்பவர் கலைவேந்தன், வேலம்மாளின் தெருப் பிள்ளை. கம்பெனி வேலையை உதறிவிட்டு ஒரு செல்போன், ஒரு மைக், நாலைந்து நண்பர்களோடு ஆரம்பித்தவர். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒரு மாமியார், ஒரு மருமகள், ஓயாத சண்டை. சண்டை முற்றி மருமகள் கரண்டியைத் தூக்கும் சமயம் பார்த்து, பக்கத்து வீட்டு இந்திராணி டம்ளரோடு நுழைவாள். சர்க்கரை கேட்பாள், இல்லை பெருங்காயம், இல்லை இட்லி மாவு. யாரும் கொடுப்பதற்குள் தானே டப்பாவைத் திறந்து அள்ளிக்கொள்வாள். போகிற போக்கில் மாமியாரிடம் மருமகளைப் பற்றி ஒன்றும், மருமகளிடம் மாமியாரைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட்டு, வாசலில் திரும்பி, இடக்கையை இடுப்பில் ஊன்றி நின்று, "நா வரேன், நீங்க நடத்துங்க" என்பாள். அவளுக்குத் தொடரில் அவ்வளவுதான் வேலை. ஜனங்கள் வைத்த பெயர் 'எரவல்' இந்திராணி. ஊருக்கெல்லாம் மாவு விற்கிறவரே திரையில் மாவு இரவல் கேட்கிறார் என்பதில் வேலம்மாளுக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

அந்த வேடத்தை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டிருந்த வீட்டில் தன் மாவுக் குண்டானைத் திருப்பி வாங்கிப் போகலாம் என்று ஒருநாள் நுழைந்தார். உள்ளே இரண்டு பெண்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். கேமராவை அவர் கவனிக்கவில்லை, நிஜச் சண்டை என்றே நினைத்துவிட்டார். விலக்கிவிடலாமா என்று கொஞ்சம் யோசித்தார். நமக்கெதற்கு வம்பு என்று குண்டானை எடுத்துக்கொண்டு, "நா வரேன், நீங்க நடத்துங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். கலைவேந்தன் அதை வெட்டாமல் விட்டார். மறுநாள் வந்த கமெண்டுகளில் மாமியாரைப் பற்றியும் இல்லை, மருமகளைப் பற்றியும் இல்லை. அந்தக் குண்டான் அக்கா யார் என்றுதான் அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள்.

நான் இதையெல்லாம் பார்ப்பதில்லை. வெண்ணிலா பார்க்கும்போது பக்கத்தில் இருப்பேன், அவ்வளவுதான். பெருங்காயம் கேட்டு வந்த வாரத்தில் இந்திராணி கட்டியிருந்த சேலையையே புளி கேட்டு வந்த வாரத்திலும் கட்டியிருந்தாள் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

கடலூர் சாலையில் இரண்டு தனியார் பஸ்காரர்கள் யார் முதலில் கிளம்புவது என்று சண்டை போட்டால், இறங்கி நடக்கும் பயணிகள் "நா வரேன், நீங்க நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கோயில் திருவிழாக் கூட்டத்தில் வரவு செலவு பற்றிப் பேச்சு தடித்தபோது ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து இதையே சொன்னாராம், சண்டை அதோடு நின்றதாம். வேலம்மாளுக்கு இந்தச் செய்திகளெல்லாம் மாவுச் சுற்றிலேயே வந்து சேர்ந்துவிடும். சாயங்காலம் கிரைண்டர் ஓட, அரிசி மூட்டைமேல் செல்போனைச் சாய்த்து வைத்து அவர் கமெண்டுகள் பார்ப்பார். தட்டச்சு வராது. அதனால் எல்லோருக்கும் இதயம் மட்டும் போடுவார். திட்டியவர்களுக்கும் அதேதான். "திட்டறவனும் முழுசா பாத்துட்டுதான சார் திட்டறான்" என்பது அவர் கட்சி.

இந்த வருஷம் பொங்கலன்று கலைவேந்தன் ஓர் அறிவிப்பு விட்டார். இந்திராணிக்குத் தனித் தொடர், பெயர் 'இந்திராணி வூடு'. அவ்வளவுதான், எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தே இரண்டாகப் பிளந்தது.

தலைவி வந்துவிட்டாள், இனி மாமியாரும் மருமகளும் மூட்டை கட்டலாம் என்று ஒரு கூட்டம். இரண்டு நிமிஷம் வந்தால்தான் இந்திராணி, அரை மணி நேரம் வந்தால் அவளும் ஒரு மாமியார்தான் என்று இன்னொரு கூட்டம். ஒருவர் எழுதியிருந்தார்: "அக்கா, நீங்க உப்பு. உப்ப மட்டும் தட்டுல கொட்டிப் பெசஞ்சு சாப்புட முடியுமா?" வேலம்மாள் அதற்கும் இதயம் போட்டார். ஆனால் மறுநாள் எங்கள் கேட்டில் நின்று அதைத் தானே சொல்லிக் காட்டினார். அது அவருக்குள் கொஞ்சம் உறைத்திருக்கிறது என்று தெரிந்தது.

அதைவிடப் பெரிய கலவரம், இந்திராணியின் வீடு எப்படி இருக்கும் என்பதில். இத்தனை நாள் அவள் அடுத்த வீட்டுக்குள் வந்ததைத்தான் பார்த்திருக்கிறோம், அவள் வீட்டை யாரும் பார்த்ததில்லை. ஆளாளுக்கு மனசுக்குள் ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறார்கள் என்பது அறிவிப்புக்குப் பிறகுதான் வெளியே வந்தது. கிருமாம்பாக்கத்தில் ஒரு டீச்சர், அவளுக்குப் பெரிய மாடி வீடு, ஃப்ரிட்ஜ் நிறைய சாமான் என்று அடித்துச் சொல்கிறார். பனித்திட்டில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவள் புருஷன் சிங்கப்பூரில் இருப்பதாக ஏகமனதாக முடிவு கட்டியிருந்தார்கள். வெண்ணிலா கட்சியில் இந்திராணிக்குப் புருஷனே கூடாது. புருஷன் இருந்தால் அவனுக்குச் சமைப்பதிலேயே பொழுது போய்விடும், எந்நேரமும் அடுத்த வீட்டில் எப்படி நிற்பாள் என்று கேட்டாள். வேலம்மாளின் நிஜக் கணவர் விஜயராஜ், கிரைண்டர் கழுவுவதும் உளுந்து களைவதும் அவர் பொறுப்பு. அவரையே நடிக்கச் சொல்லி ரசிகர்கள் நச்சரித்தார்கள். "நெஜத்துல இருக்கறதே போதும்பா" என்று கும்பிட்டுவிட்டார்.

பிறகு முன்னோட்டம் வந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. செட் போட வசதியில்லாமல் வேலம்மாளின் சொந்தச் சமையலறையிலேயே எடுத்திருந்தார்கள். ஒளித்துவைத்த முறுக்கைத் தேடுவதுபோல் காலி டின்னுக்குள் கையை விட்டுத் துழாவும்படி கலைவேந்தன் சொல்லியிருக்கிறார். வேலம்மாளும் சிரிப்புக் காட்சி என்று நினைத்துத் துழாவியிருக்கிறார். அன்று மிளகாய் அரைத்த கையோடு கண்ணைக் கசக்கியிருந்ததால் கண்ணில் தண்ணீர். கலைவேந்தன் கண்ணை மட்டும் நெருக்கத்தில் காட்டி, பின்னால் வயலின் ஓட விட்டு, 'அவள் ஏன் இரவல் கேட்டாள்?' என்று எழுத்துப் போட்டுவிட்டார். டின்மேல் 'அரிசி' என்று எழுதியிருந்தது.

ஊரே அழுதது. இதுவரை எந்தப் படத்துக்கும் வராத கூட்டம் அதற்கு வந்தது. கலைவேந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே உங்களப் பாத்து சிரிக்க மாட்டோம் அக்கா, மன்னிச்சிடுங்க" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே அதே மன்னிப்பு வரிசையாக. நான் எட்டிப் பார்த்தபோது வெண்ணிலா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் எங்கள் கேட் தூணில் ஒரு பாத்திரம் இருந்தது. நிறைய அரிசி, மேலே ஒரு பொட்டலம் துவரம்பருப்பு. வெண்ணிலா வைத்தது. எதற்கு என்று கேட்டேன். அந்தச் சமையலறையும் அந்தக் கிரைண்டரும் வேலம்மாளுடையவைதான், மாவு வாங்கப் போனபோது தானே பார்த்திருப்பதாகச் சொன்னாள். படத்தில் வந்த வீடு நிஜ வீடு, ஆகவே காலி டின்னும் நிஜ டின். இல்லாமையைப் பற்றி வாயைத் திறக்காமல் இவ்வளவு நாள் சிரித்துக்கொண்டே மாவு கொடுத்திருக்கிறாள் பாவம், என்றாள். இந்த ஞானம் என் மனைவிக்கு மட்டும் வந்ததாக நினைத்திருந்தேன். பாகூர் தொடங்கி வழி நெடுக வாசலுக்கு வாசல் பாத்திரம் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வரும்போது அந்த எக்செல் வண்டி திருவிழா முடிந்து திரும்பும் மாட்டுவண்டி மாதிரி ஆடிக்கொண்டு வந்தது.

ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்று தள்ளக்கூடாது. கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பவும் கூடாது, ஒரு கொத்து கறிவேப்பிலையாவது போட்டுத்தான் தர வேண்டும். இரண்டும் எங்கள் பக்கத்துப் பழக்கம். வேலம்மாள் இரண்டையும் மீறாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். வந்த அரிசியையெல்லாம் ஒன்றாகக் கொட்டி ஊறவைத்து, உளுந்து சேர்த்து அரைத்து, அடுத்த நாள் அவரவர் பாத்திரத்தில் மாவாக நிரப்பிக் கேட்டில் வைத்துக்கொண்டே வந்தார். அன்று எங்கள் வீட்டுத் தோசை கல்லை விட்டு வரவில்லை. இத்தனை வருஷத்தில் வேலம்மாளின் மாவு சதி செய்தது அதுவே முதல் தடவை.

அன்று அவர் ஹாரன் அடிக்கவில்லை. பாத்திரத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். வெண்ணிலா மரியாதையாக வெளியே வந்தாள், சாப்பிட்டீர்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள், உள்ளே போய்விட்டாள். வேலம்மாள் என்னைப் பார்த்தார்.

"யாரும் டப்பாவ ஒளிக்கல சார்" என்றார். "நேத்தும் ஒளிக்கல, இன்னிக்கும் ஒளிக்கல. வாங்கன்றாங்க, போங்கன்றாங்க. நா இன்னா செத்தா பூட்டேன்?"

நான் சும்மா இருக்காமல், கலைவேந்தன் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம், இல்லாதவள்தானே இரவல் கேட்பாள் என்று சொல்லிவைத்தேன்.

"அவ இல்லாதவ இல்ல சார். இருந்துகினு கேக்குறவ. சக்கரைக்கா போறா? சண்டய பாக்கப் போறா." துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கம்மா நெஜமாவே கேட்டவங்க. நடவு இல்லாத மாசத்துல சொம்ப முந்தானைக்குள்ள மறச்சிகினு, பெரிய வூட்டுங்களுக்குப் பின்னால, தோட்டத்துப் பக்கமா போயி நிப்பாங்க. உள்ளருந்து யாராவது பாக்கற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டாங்க. நானும் கூட நின்னிருக்கேன். இந்திராணி தெருவாசல்ல நொழஞ்சி நேரா அடுப்பங்கரைக்கு போறா இல்ல, அதுக்குத்தான் நா நடிக்கறதே. அவள அழ வச்சிட்டா, மறுபடி தோட்டத்துப் பக்கம் நிக்கற மாதிரிதான்."

வண்டியில் பாத்திரம் எதுவும் மிச்சமில்லை, ஆனாலும் அது போகும்போது கனமாகத்தான் தெரிந்தது.

அன்றைக்கே கலைவேந்தனிடம் போயிருக்கிறார். அவர் அத்தை அத்தை என்று கெஞ்சியிருக்கிறார். ஜனங்கள் அழத்தான் ஆசைப்படுகிறார்கள், ஒரு மசாலாக்காரர் விளம்பரம் தருவதாகப் பேசியிருக்கிறார், மூன்று எபிசோடுக்குக் கண்ணீர்க் கதை எழுதி முடித்தாகிவிட்டது என்று அடுக்கியிருக்கிறார். இந்திராணி அழுவதானால் தனித் தொடரே வேண்டாம், பழைய வீட்டிலேயே இரண்டு நிமிஷம் வந்துவிட்டுப் போகிறேன் என்று வேலம்மாள் சொல்லியிருக்கிறார். அதையும் கலைவேந்தன் கேட்கவில்லை. அழுகிற இந்திராணியைப் பார்த்த பிறகு பழைய வீட்டிலும் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்றார். அது உண்மையும்கூட. வேலம்மாளுக்குத் தனி வீடும் போய், இருந்த வீடும் போகிற நிலைமை.

சாயங்காலம் அவர் கிரைண்டர் முன்னால் உட்கார்ந்து, விஜயராஜைப் போனைப் பிடிக்கச் சொல்லி, ரசிகர்களுக்கு நேராகவே பேசிவிட்டார். எழுதத்தான் வராது, பேச வராதா என்ன?

"யாரு வூட்ல அரிசி இல்ல? இங்க பாரு, மூட்ட. இங்க பாரு, ஊறுது. பாவப்பட்டு அரிசி குடுத்த மகராசிங்களுக்கு ஒண்ணு சொல்றேன். உங்க அரிசியத்தான் அரச்சி உங்க குண்டான்லயே குடுத்தேன். இன்னிக்கு தோச வரலன்னு என்னத் திட்டினீங்க இல்ல, அது உங்க அரிசி. ஒருத்தி பச்சரிசி குடுத்தா, ஒருத்தி பிரியாணி அரிசி குடுத்தா, ஒருத்தி வண்டு வெச்ச அரிசி குடுத்தா. மாவு எப்படிமா பொங்கும்? எரவலு குடுக்கறதுன்னா இட்லி அரிசியா குடுங்க. நாளையிலருந்து சக்கர டப்பாவ ஒளிச்சி வைக்காத வூட்டுக்கு மாவு கெடயாது."

எங்கள் வீட்டில் வெண்ணிலா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிரியாணி அரிசி அவள் கொடுத்தது. கலியாணத்துக்கு வாங்கி மிஞ்சியது என்று அப்போதுதான் ஒத்துக்கொண்டாள். அந்த ராத்திரிக்குள் வயலின் முன்னோட்டத்தைத் தாண்டி ஓடிவிட்டது இந்த ஏச்சு. உப்பு என்று எழுதியவரே திரும்பி வந்து, அந்த உப்பை மட்டும் போட்டாலும் சாப்பிடுகிறேன் அக்கா என்று எழுதினார். வண்டு வைத்த அரிசி யார் வீட்டுது என்று கன்னியக்கோயிலில் இன்னும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். கலைவேந்தன் புத்திசாலிப் பிள்ளை. காலையில் முதல் ஆளாக வந்து, கண்ணீர்க் கதையைக் கிழித்துவிட்டேன் அத்தை, வேறு சொல்லுங்கள் என்றார்.

வேலம்மாள் சொன்னதைத்தான் எடுக்கிறார்கள். இந்திராணி வீட்டில் எல்லாம் இருக்கிறது. ஊரில் வாங்கிய இரவலெல்லாம் டப்பா டப்பாவாக அடுக்கி இருக்கிறது. இப்போது ஊர் அவளிடம் இரவல் கேட்க வருகிறது. கேட்டு வருகிற ஊருக்கு ஆள் வேண்டுமே, ரசிகர்களையே வரச் சொல்லிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வேலம்மாளின் தெருவில் நிற்க இடமில்லை. வெண்ணிலா பட்டுப்புடவையில் போனாள். நான் வண்டி ஓட்டப் போனேன். கிருமாம்பாக்கத்து டீச்சர் சர்க்கரை கேட்டு மூன்று முறை வசனத்தை மறந்தார். பனித்திட்டிலிருந்து வந்தவர்கள் இரவல் கேட்கிற காட்சிக்கு மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள், அதை என்ன செய்வதென்று கலைவேந்தனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவரையும் இந்திராணி குறுக்கு விசாரணை செய்து, உன் வீட்டில் இன்றைக்கு என்ன சண்டை என்று கறந்துகொண்டுதான் டப்பாவைத் திறந்தாள். தெரு முழுக்கச் சிரிப்பு.

கடைசியாகக் காசம்மாள். கரும்பு வெட்டப் போகிறவர், மெலிந்த உடம்பு, அதே தெருக்கோடி. இந்திராணி என்றால் அவருக்கு உயிர், பேத்தியின் போனில் திரும்பத் திரும்பப் பார்ப்பாராம். அவர் பெயரைக் கூப்பிட்டபோது வாசலில் ஆளைக் காணோம். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றிருந்தார். கலைவேந்தன் ஓடிப்போய் முன்வாசலுக்கு அழைத்துவந்தார். காசம்மாள் உள்ளே வந்து, தோளைக் குறுக்கி, டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தரையைப் பார்த்து, "கொஞ்சம் எண்ண இருந்தா..." என்றார்.

தெருவில் சிரிப்பு நின்றுவிட்டது. அது நடிப்பு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. "சூப்பரா இருக்குது அத்த, அப்படியே போவட்டும்" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து கலைவேந்தன் கிசுகிசுத்தார்.

வேலம்மாள் எண்ணெய்த் தூக்கைக் கீழே வைத்தார். கேமராவின் குறுக்கே நடந்து காசம்மாளிடம் போனார். டம்ளரின் அடியில் ஏந்தியிருந்த அவர் இடக்கையைப் பிடித்து எடுத்து, விரல்களை விரித்து, அவர் இடுப்பிலேயே ஊன்றி வைத்தார்.